அழித்தும் குறையாத டிஸ்க்

“ஒருத்தன் குளத்தை இறைச்சு முடிச்சிட்டன் எண்டு சொல்லுறான். போய்ப் பார்த்தா தண்ணி நிண்ட மட்டத்திலேயே நிக்குது. நீ என்ன நினைப்பாய், பஹ்மி?”

சுலோஜனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ரெண்டுல ஒண்டு அக்கா. அவன் பொய் சொல்லுறான். இல்லாட்டி அவன்ட வாளி ஓட்டை.” பஹ்மி மீன் பணிஸின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். “ரெண்டுல எதெண்டாலும் அவனுக்குக் கூலி குடுக்கக்கூடாது.”

“மூணாவதா ஒண்டும் இருக்கலாம்.”

“என்னது?”

“அதைத்தான் தேடுறன்.”

சுலோஜனா பெரியகல்லாற்றுக்காரி. ஒரு காலத்தில் கொழும்பில் வங்கியொன்றின் கணினிப் பிரிவில் இருந்தவள். இப்போது கல்லடியில், தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்து, கணினிக்குள் நடக்கும் களவுகளைத் துப்பறிகிறாள். பஹ்மி காத்தான்குடியில் போன் திருத்திக்கொண்டிருந்தவன். திருத்த வந்த போன்களைவிட வந்த ஆட்களிடம் அதிகம் கதைத்ததால் முதலாளி அனுப்பிவிட்டார். சுலோஜனாவுக்கு அந்த வாய் பிடித்திருந்தது.

இன்று இருவரும் வவுணதீவில் இருந்தார்கள். விவசாயிகள் சம்மேளனத்தின் அலுவலகம், கந்தோர் என்பார்கள்; அதன் பின்னறை. வாவிக் காற்று யன்னலை அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மேசைக்குக் கீழே, பழைய குளிர்சாதனப் பெட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது ஒரு சேர்வர். ‘நீர்மட்டம்’ என்ற இணையத்தளம் அதற்குள்தான் ஓடுகிறது. உன்னிச்சைக் குளத்தில் மிஞ்சும் தண்ணீரை வெளியே விடும் வான்கதவைத் திறக்குமுன், கீழே வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வேலை செய்யும் ஆட்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது அதன் வேலை.

போன திங்கட்கிழமை விடியப்புறம் அந்தத் தளத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. ‘வான்கதவு முழுதாகத் திறக்கப்பட்டது. உடனே வெளியேறவும்.’ மருதங்கண்டத்து வட்டையே எழுந்து ஓடியது. அறுவடை முடிந்து றோட்டு நீளத்துக்கு நெல் காயப்போட்டிருந்த நேரம். மாட்டை அவிழ்க்கப் போன ஆச்சிப்பிள்ளை என்ற பெண் வாய்க்காலில் விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

தண்ணீர் வரவேயில்லை. லொறிகள்தான் வந்தன. முன்பின் தெரியாத தரகர்கள் இறங்கி, “வெள்ளம் கொண்டுபோக முதல் எங்களிட்ட தாங்க” என்று பாதி விலைக்கு நெல்லை அள்ளிக்கொண்டு போனார்கள்.

எச்சரிக்கை போடப்பட்டது நிதுர்ஷன் பேரில். தளத்தைக் கட்டியவனும் பராமரித்தவனும் அவன்தான். தரகர்களிடம் கை நீட்டிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. பொலிஸ் அவனுடைய போனை எடுத்துக்கொண்டது. நாளைக்கு நீதிமன்றம். “அண்டைக்குக் காலையில என்ட பாஸ்வேர்ட் எனக்கே வேலை செய்யல்ல” என்று அவன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இன்றும் உள்ளே விடாமல் கேற்றடியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளி ஆளைக் கொண்டு விசாரிக்கவேண்டும் என்று விவசாயிகள் சத்தம் போட்டதால், சம்மேளனத் தலைவர் நல்லரத்தினம் சுலோஜனாவைக் கூப்பிட்டிருந்தார்.

வந்து பார்த்தால் விசாரிக்க வேண்டிய பொருளே இல்லை.

“திரும்ப ஒருக்கா சொல்லுங்க, ஜெயரூபன்,” என்றாள் சுலோஜனா.

சம்மேளனச் செயலாளர் ஜெயரூபன் கதவோரம் நின்று கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தான். “காலையில தளம் இறுகிப்போச்சு, மிஸ். டிஸ்க்கில இடமில்லையெண்டு சிவப்பெழுத்தில வந்தது. எது பெரிய பைல் எண்டு தேடினன். லொக் பைல். அதை அழிச்சிட்டன்.”

“லொக் பைல் எண்டா என்னெண்டு தெரியுமா?”

“யார் யார் வந்து போறாங்க எண்டு சேர்வர் தானா எழுதி வைக்கிறது.”

“அதாவது கேற்றடிக் காவல்காரன்ட வாக்குமூலம்,” என்றான் பஹ்மி. “வழக்கில இரிக்கிற ஒரே சாட்சி. நீங்க அதைப் பிடிச்சு வாவிக்குள்ள தள்ளிட்டீங்க.”

“தளத்தைத் திருப்பி ஓட வைக்கத்தான் செய்தன்!” ஜெயரூபன் கைலேஞ்சியைக் கசக்கினான். “அந்தப் பைலை கிழமைக்கு ஒருக்கா நிதுர்ஷன்தான் வெட்டிச் சிறிசாக்குவான். அவனை வெளியில போட்டாச்சு. அது ஊதி ஊதி டிஸ்க்கை நிறைச்சிட்டுது. நான் என்ன செய்ய?”

“சரி. அழிச்ச பிறகு இடம் வந்ததா?”

“அதுதான் விளங்கல்ல, மிஸ். அழிச்சும் டிஸ்க் நிறைஞ்சபடிதான் இருக்கு.”

சுலோஜனா நாற்காலியில் நிமிர்ந்தாள். காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். சேர்வரில் இருக்கும் எல்லாப் பைல்களையும் கூட்டிப் பார்த்தாள். டிஸ்க்கில் பாதிகூட வரவில்லை. ஆனால் டிஸ்க்கைக் கேட்டால் நிறைந்துவிட்டது என்கிறது.

“பஹ்மி, ஒரு வீட்டில நாலு பேர் எண்டு பதிஞ்சிருக்கு. ஆனா எட்டுப் பேரின்ட சோறு முடியுது. என்ன அர்த்தம்?”

“பதியாத நாலு பேர் உள்ளுக்க இரிக்காங்க.”

“அதேதான்!” அவள் மேசையில் தட்டினாள். “பைலை அழிச்சா அதின்ட பேர்தான் போகும். அதுக்குள்ள எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் ஓடுது. அது கையை விடுற வரைக்கும் பைல் டிஸ்க்கிலதான் கிடக்கும். பேர் இல்ல. ஆள் இருக்கு.”

பஹ்மியின் முகம் மலர்ந்தது. “குடும்ப அட்டையில பேரை வெட்டின பிறகும் வீட்டை விட்டுப் போகாத மச்சான்!”

“ஓம். அந்த மச்சானிட்டத்தான் கேள்வி கேக்கப்போறம்.”

“புரோகிராமை ரீஸ்டார்ட் பண்ணினா?” ஜெயரூபன் கேட்டான்.

“மச்சான் போயிடுவார். இடம் வரும். ஆனா சாட்சி துப்புரவாப் போயிடும்.”

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. நல்லரத்தினம் வேகமாக உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, தடித்த மோதிரம், கையில் இரண்டாக மடியும் பெரிய போன். போன் திருத்திய காலத்தில்கூட மாவட்டத்தில் அப்படியொரு போனைப் பஹ்மி பார்த்ததில்லை. பேசும்போது அதை விரிப்பார். முடிக்கும்போது ‘டப்’ என்று மடிப்பார்.

“தளம் இன்னும் வரல்லையா?” போன் விரிந்தது. “நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து இப்பத்தான் சொன்னாங்க. மேல பெரு மழை. பின்னேரம் உன்னிச்சை வான்கதவைத் திறக்கிறாங்க. இது பொய்யில்ல. எச்சரிக்கை போட்டே ஆகணும்.” டப்.

“டிஸ்க் நிறைஞ்சிருக்கு ஐயா. புதுசா ஒரு வரியும் எழுத ஏலாது,” என்றான் ஜெயரூபன். “ரீஸ்டார்ட் பண்ணினாச் சரிவரும். ஆனா மிஸ் சொல்லுறா, பழைய லொக் அதோட போயிடுமாம்.”

“ஒரு பைலுக்காகச் சனத்தைச் சாக விடுறதா? ரீஸ்டார்ட் பண்ணு!”

பஹ்மி சுலோஜனாவைப் பார்த்தான். அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தான்.

“ஐயா சொல்லுறது சரி,” என்றாள் சுலோஜனா. “சனம்தான் முதல். நான் ரீஸ்டார்ட் பண்ணுவன். அதுக்கு முதல் கொஞ்ச நேரம் தாங்க. ஜெயரூபன், நீங்க அதுக்கிடையில மருதங்கண்டத்துக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்க.”

ஜெயரூபன் கந்தோர் போனை ஒலிபெருக்கியில் போட்டு, எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் வட்டைத் தலைவர் கச்சி முகம்மதுவை அழைத்தான். மறுமுனையில் உழவு இயந்திரத்தின் இரைச்சல்.

“காக்கா, பின்னேரம் வான்கதவைத் திறக்கிறாங்க. ஆக்களை வெளிய எடுங்க.”

“போன கிழமையும் இதத்தானே சொன்னீங்க!” என்று வெடித்தது குரல். “ஓடினம். நெல்லுப் போச்சு. ஆச்சிப்பிள்ளைட கால் போச்சு. இன்னொருக்கா ஓட எங்களிட்ட காலுமில்ல, நெல்லுமில்ல. வையுங்க போனை!”

ஜெயரூபன் போனை வைத்தான். சுலோஜனா யோசித்தாள். தளத்தைத் திருத்தினாலும் அது சொல்வதை நம்ப ஆளில்லை. திங்கட்கிழமைப் பொய்யை யார் சொன்னது என்று தெரியாமல் இன்றைய உண்மை எடுபடாது. அவளுக்கு இரண்டும் வேண்டும்.

“பஹ்மி, பென்டிரைவ்!”

“இரிக்கி அக்கா. ஆனா அதுக்குள்ள என்ட மாமிட மகள்ற கலியாண வீடியோ.”

“அழி.”

“அழிச்சா இடம் வருமா, அல்லாட்டி மாப்பிள்ளையும் உள்ளுக்கயே நிப்பாரா?”

அவள் பதில் சொல்லாமல் விசைப்பலகையில் இறங்கினாள். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் எந்தெந்தப் பைலைக் கையில் பிடித்திருக்கிறது என்று சேர்வரைக் கேட்டாள். பட்டியலின் அடியில், ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்போடு அது கிடந்தது. புரோகிராமின் கை வழியாகவே உள்ளே போய், திங்கட்கிழமை வரிகளை மட்டும் பென்டிரைவுக்கு எடுக்கச் சொன்னாள். ஊதிப்போன பைல். மெல்ல மெல்ல வந்தது.

“மிஸ், காணும், போதும்!” ஜெயரூபன் பொறுக்கமுடியாமல் சேர்வரின் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான். “சனம் சாகும்! நான் நிப்பாட்டப்போறன்!”

பஹ்மி மேசைக்கும் அவனுக்கும் நடுவே கல்லுப் போல நின்றான். “காக்கா, இது என்ட வயிறு. சுவிட்ச் இதுக்குப் பின்னால. நாலு பணிஸ் தாண்டித்தான் வரணும்.”

“வந்திட்டு!” என்றாள் சுலோஜனா.

திரையில் திங்கட்கிழமை விடியப்புறம் வரி வரியாக விரிந்தது. அவள் வாசித்தாள்.

“நிதுர்ஷன் பேரில ஒருத்தர் உள்ளுக்க வரப் பார்க்கிறார். பாஸ்வேர்ட் பிழை. திரும்பவும் பிழை. திரும்பவும். மறுகா என்ன செய்யிறார் தெரியுமா? ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா’ எண்ட இடத்தை அமத்துறார்.”

பஹ்மி விசிலடித்தான். “தான் கட்டின வீட்டுக்குத் தானே திறப்பு இல்லாம நிண்டானா நிதுர்ஷன்?”

“அவன் நிக்கல்ல. புதுப் பாஸ்வேர்ட் வச்சது வேற ஆள். அதாலதான் அண்டைக்குக் காலையில நிதுர்ஷனுக்குத் தன்ட பாஸ்வேர்ட் வேலை செய்யல்ல. பொடியன் சொன்னது உண்மை.” அவள் திரும்பினாள். “பாஸ்வேர்ட் மாத்துற இணைப்பு எந்த மெயிலுக்குப் போகும்?”

“கந்தோர் மெயிலுக்கு,” என்றான் ஜெயரூபன். “அதை... நான்தான் பாக்கிறது.”

நல்லரத்தினம் அவன் பக்கம் திரும்பினார். “அட பாவி! நீயா? பைலை அழிச்சதும் நீ. இப்ப நிப்பாட்ட ஓடினதும் நீ. என்ட பக்கத்தில வச்சிருந்து...”

“ஐயா! நீங்கதானே காலையில கோல் எடுத்து, பெரிய பைலை அழி எண்டு...”

“இடமில்லையெண்டா எவனும் அதைத்தான் சொல்லுவான்!”

“ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க,” என்றாள் சுலோஜனா. “சொன்ன சொல்லைக் காப்பாத்துறன்.” பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாள். சேர்வர் ஒருமுறை மூச்சை அடக்கி விட்டது. டிஸ்க்கில் பாதி இடம் காலியானது. தளம் எழுந்தது. புதிய லொக் பைல் ஒன்று பிறந்தது, வெறுமையாக.

அதை அப்படியே திரையில் ஓடவிட்டாள். யார் தளத்தைத் தொட்டாலும் ஒரு வரி வந்து விழும். நேரம், பேர், எந்தப் போன் என்பதும்கூட. நிதுர்ஷன் அப்படி எழுதச் சொல்லி வைத்திருந்தான்.

“ஜெயரூபன், உங்கட போனில தளத்தைத் திறங்க.”

அவன் திறந்தான். ஒரு வரி விழுந்தது. சந்தையில் எங்கும் கிடைக்கும் மலிவு மாடல்.

“இது திங்கட்கிழமை வந்த போன் இல்ல,” என்றாள் சுலோஜனா. “ஐயா, நீங்களும் ஒருக்கா.”

“என்ட போனில சார்ஜ் இல்ல.” டப். போன் மடிந்து சட்டைப் பைக்குள் போனது.

அவர் கையை வெளியே எடுக்குமுன் திரையில் இன்னொரு வரி விழுந்தது.

ஒருவரும் எதையும் தொடவில்லை. பஹ்மி குனிந்து வாசித்தான். “அக்கா... மடிக்கிற போன். திங்கட்கிழமைப் போனும் இதே மாடல்தானே?”

“ஓம்.”

“பேர் என்ன தெரியுமா? நிதுர்ஷன்.”

“நிதுர்ஷன்ட போன் பொலிஸில இருக்கு,” என்றாள் சுலோஜனா அமைதியாக. “ஆள் வெளியில கேற்றடியில நிக்கிறான், உள்ளுக்க விடமாட்டம் எண்டு நீங்க சொன்னதால. ஐயா, காலையிலிருந்து தளம் வந்ததா, வந்ததா எண்டு ஒரு பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருப்பீங்க. அந்தப் பக்கம் தானாப் புதுப்பிக்கும். தளம் எழும்பினவுடன உங்கட சட்டைப் பைக்குள்ள இருந்தே வந்து கதவைத் தட்டியிருக்கு. திங்கட்கிழமை அவன்ட பேரில உள்ளுக்க வந்தீங்க. வெளியில போக மறந்திட்டீங்க.”

நல்லரத்தினத்தின் கை மெல்லச் சட்டைப் பையை மூடியது. ஜெயரூபன் அவர் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: “கந்தோர் மெயில் ஐயாட போனிலயும் இருக்கு. நான்தான் போட்டுக் குடுத்தன்.”

“லொறியள்?” என்றாள் சுலோஜனா.

அவர் கதிரையில் அமர்ந்தார். “என்ட அரிசி மில்லுக்கு. தரகர்மார் என்ட ஆக்கள்.” பிறகு தலையை நிமிர்த்தி, “களவெடுக்கல்ல பிள்ளை. காசு குடுத்துத்தான் வாங்கினன்,” என்றார்.

“ஆச்சிப்பிள்ளைட காலையும் பாதி விலைக்கா வாங்கினீங்க?” என்றான் பஹ்மி. அந்த ஒருமுறை அவன் சிரிக்கவில்லை.

சுலோஜனா கேற்றடிக்குப் போய் நிதுர்ஷனைக் கூட்டி வந்தாள். மெலிந்த முகம், நாலைந்து நாள் தாடி. மேசைக்கு முன் இருந்தவன் முதலில் டிஸ்க்கைத்தான் பார்த்தான். பிறகு தன் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றி உள்ளே போனான். விரல்களை விசைப்பலகையில் வைத்தான், எடுத்தான்.

“என்ட பேரில போட்டா ஒருத்தரும் நம்பமாட்டாங்க, அக்கா.”

“நடந்ததையும் சேர்த்து எழுது.”

அவன் எழுதினான். ‘இன்று பின்னேரம் உன்னிச்சை வான்கதவு திறக்கப்படும். இது உண்மை. திங்கட்கிழமை வந்தது பொய். அதைப் போட்டது நான் அல்ல.’ அனுப்பினான்.

கந்தோர் போன் உடனே அலறியது. கச்சி முகம்மது.

“ஆர்ரா அது, நிதுர்ஷனா? நீ இல்லாட்டி வேற ஆரு போட்டது? ஆளைச் சொல்லு. ஆள் தன்ட வாயால சொல்லட்டும், அப்ப நம்புறன். அல்லாட்டி நாங்க ஒருத்தரும் அசையமாட்டம்!”

எல்லோரும் நல்லரத்தினத்தைப் பார்த்தார்கள். சுலோஜனா போனை அவர் முன் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை. யன்னலுக்கு வெளியே முதல் துளிகள் விழத் தொடங்கின.

“ஐயா,” என்றாள் அவள், “சனத்தைச் சாக விடுறதா எண்டு நீங்கதான் கேட்டீங்க. அந்த நேரம் நான் உங்களை நம்பினன்.”

அவர் கண்ணை மூடினார்.

“முகம்மது,” என்றார். “நான் நல்லரத்தினம். திங்கட்கிழமை போட்டது நான். பொடியன் இல்ல. இண்டைக்குச் சொல்லுறது உண்மை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போங்க.”

மறுமுனையில் உழவு இயந்திரம் நின்றது. பிறகு கச்சி முகம்மது யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், ஆட்கள் ஓடுவதும் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

பொலிஸ் ஜீப் வந்து நல்லரத்தினத்தை ஏற்றிக்கொண்டு போனது. பென்டிரைவும் அதே ஜீப்பில் போனது, பஹ்மியின் கையெழுத்தோடு. நிதுர்ஷன் எழும்பவேயில்லை. லொக் பைல் கிழமைக்கு ஒருமுறை தானாக வெட்டப்படவும், பழையது சுருக்கப்பட்டு ஒதுங்கவும் சேர்வரிடம் எழுதி வைத்துக்கொண்டிருந்தான்.

“இதை முதலே செய்திருக்கலாமே?” என்றான் பஹ்மி.

“நான் எப்பவும் இருப்பன் எண்டு நினைச்சன்,” என்றான் நிதுர்ஷன்.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. சுலோஜனா எடுத்தாள். மழையின் இரைச்சலுக்குள்ளே கச்சி முகம்மதுவின் குரல். தண்ணீர் வந்துவிட்டது; வட்டை முழுக்கக் கடல் மாதிரி நிற்கிறது; ஆட்களும் மாடுகளும் மேட்டில்; ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

“அந்தப் பொடியனிட்ட குடுங்க போனை.”

நிதுர்ஷன் வாங்கினான். கேட்டான். “ஓம் காக்கா,” என்றான். மறுபடியும் “ஓம் காக்கா.” திரையைப் பார்த்து ஏதோ சொன்னான். போனை வைத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

“என்னடாப்பா, மன்னிப்புக் கேட்டாரா?” என்றான் பஹ்மி.

“இல்ல.” நிதுர்ஷன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். “தண்ணி எப்ப வடியும் எண்டு என்னட்டக் கேக்கிறார்.”